கெஸ்ட் சாப்பாடு பத்து

...அந்த ஃபாரத்த மடிச்சு பாக்கெட்ல வைங்க சார், முடி கொட்டுது. பையனுக்கு காலேஜ் ஹாஸ்டல்ல மெஸ் பிளான் எடுக்கலாமா வேணாமான்னு யார்கிட்ட கேக்குறீங்க? என்கிட்டயா? ஐயய்யோ! தலைய ஆட்டாதீங்க, காது பக்கம் கத்தி... ஆங், அப்படியே இருங்க.

அதே காலேஜ்தான் என் பொண்ணும். ரெண்டாவது வருசம். மூணு வேள சாப்பாடு, வருசம் பூராவுக்கும் மொதல்லயே கட்டியாச்சு. எத்தன தல வெட்டியிருப்பேன் சார் அதுக்கு! உங்க தலையும் அதுல உண்டு. ஆபீஸ்ல ஒரு கிளார்க்கு, கண்ணாடிய மூக்கு நுனில விட்டுக்கிட்டு, "ஐயா... சாப்ட்டாலும் கட்டணும்... சாப்டாட்டியும் கட்டணும்... கையெழுத்து இங்க." சிரிக்காதீங்க சார், கன்னம் ஆடுது.

இப்ப என்னாச்சு? மூணு வாரமா அந்த மெஸ் கார்டுல ஒரு வேளகூட சாப்பிடல அவ. ஒரு வேள! ரூம்ல உக்காந்துக்கிட்டு பன்னும் பிஸ்கட்டும். என் வீட்டுக்காரி, "புள்ள குரலே கம்மிக் கெடக்கே, ஏங்க?"ங்குறா. நான் என்னத்தச் சொல்ல? என் போன மட்டும் பொண்ணு எடுக்குறதே இல்ல.

சாப்பாடு நல்லாயில்லயான்னு கேக்குறீங்க... நாடியத் தூக்குங்க. காலைல ஏழு மணிக்கு டிபன் வைக்கிறான் சார். ஏழு மணிக்கு எந்தப் புள்ள எந்திரிக்கும்? கோழிக்கா காலேஜ் நடத்துறான்? சரி, அத விடுங்க. அந்தப் பிளானோட கெஸ்ட் சாப்பாடு பத்து, சும்மா. யாரையாவது கூட்டிட்டுப் போயி சாப்பிட வைக்கலாம். இவ ஒருத்தரயும் கூப்பிடல. கட்டுன காசு வீணாப் போகுதேன்னு, ஒரு மத்தியானம் கடையச் சாத்திட்டு நானே போயிட்டேன். இஸ்திரி போட்ட சட்ட, சென்ட்டு, எல்லாம்.

அங்க சாப்பாடு போடுற அக்கா ஒண்ணு. எதையும் ரெண்டு தடவதான் சொல்லும். "வாம்மா வாம்மா, முட்ட வேணுமா வேணுமா, மிச்சம் வைக்காத வைக்காத!" குரலு மூக்குல கெளம்பி உச்சந்தலைல போயி நிக்கும். எனக்கு வாய் சும்மா இருக்குமா? மேசைல எட்டுப் புள்ளைங்க வேற. ஸ்பூன கரண்டியாட்டம் புடிச்சேன், இடுப்ப ஒடிச்சேன், அந்தக்கா மாதிரியே, "சாப்புடு சாப்புடு, எளச்சுட்ட எளச்சுட்ட!" விழுந்து விழுந்து சிரிக்குதுங்க! என் பொண்ணு மேசைக்கு அடில என் கால மிதிக்கிறா. நான் பெருமைல மிதிக்கிறாள்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் சுதிய ஏத்துனேன்!

திடீர்னு ஒரு புள்ளயும் சிரிக்கல. திரும்புறேன்... பின்னாடி அந்தக்கா. கையில தட்டு, அதுல ரெண்டு முட்ட. அப்பா வந்திருக்காரேன்னு எனக்காகத் தனியா எடுத்துட்டு வந்திருக்கு சார். திட்டல. மொறைக்கல. தட்ட வச்சுது. "சாப்பிடுங்க"ன்னுச்சு.

ஒரே தடவ.

இவ ரூம்ல இருக்குற புள்ளதான் போன்ல சொல்லிச்சு, அன்னைலேருந்து யாரு வந்தாலும் ஒத்த வார்த்ததானாம். இல்லன்னா அதுவும் கெடையாது, கரண்டி மட்டும் பேசுது. புள்ளைங்க எல்லாம் என் பொண்ணத்தான் பாக்குதுங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ வரிசைல நிப்பா, சொல்லுங்க?

மன்னிப்பு கேக்கலயாவா? போனேன் சார்! பஸ்ல வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். மெஸ் வாசல்ல நின்னு வாயத் தொறந்தா... சத்தியமா சார், வேணும்னு செய்யல, அதே மூக்கு, அதே குரலு, "மன்னிச்சுக்கம்மா மன்னிச்சுக்கம்மா"ன்னு வருது! நல்லவேள, அந்தக்கா உள்ள இருந்துச்சு. வந்த பஸ்லயே திரும்பிட்டேன்.

பிளான் எடுங்க சார், தாராளமா எடுங்க. அந்த முட்ட இருக்கே... அருமை! கெஸ்ட் சாப்பாடுன்னு கடைசில ஒரு கட்டம் இருக்கும், அத மட்டும் கோடு போட்டு அடிச்சு விட்டுடுங்க.

அப்புறம்... நாளைக்குப் பணம் கட்ட அங்கதான போறீங்க? அப்படியே மெஸ்ல எட்டிப் பாத்து, எனக்காக அந்தக்காகிட்ட நீங்க ஒரு வார்த்த... சார்? துணியோட எங்க கெளம்பிட்டீங்க? ஒரு பக்கக் கிருதா அப்படியே நிக்குது! நில்லுங்க நில்லுங்க! சார் சார்...

ஐயய்யோ, மறுபடியும் அதே குரலு வந்துடுச்சே!