எர்த் குழிக்கு இரண்டு வேளை தண்ணீர்

எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றி வந்தால் வீட்டு மின்சாரத்துக்கு நல்லது. அன்பழகன் சாரிடம் நான் பொய் எதுவும் சொல்லவில்லை.

காரைக்காலில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சார் ஓய்வு பெற்ற மின்பொறியாளர். ஓய்வு பெற்ற செய்தி மட்டும் அவருக்கு இன்னும் எட்டவில்லை. ஆறு வருடத்துக்கு முன் என் கடைத் திறப்புக்கு வந்தவர், சந்தனம் தொட்ட கையோடு டெஸ்டரை எடுத்து பிளக்கில் வைத்தார். "எர்த்தே சரியில்ல. இதுல கம்ப்யூட்டர் டாக்டர்னு போர்டு வேற" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவரே வந்தார். மகள் இளவேனில் ஒரு நிமிட அனிமேஷன் படம் செய்திருந்தாள். திங்கட்கிழமைக்குள் அனுப்பினால் சென்னையில் வேலை. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் படத்தை முடித்துத் தரச் செவ்வாய் ஆகும். கிராபிக்ஸ் கார்டின் வேகத்தைக் கூட்டினால் பாதியில் நின்றுவிடுகிறது. கொஞ்சம் வோல்டேஜ் ஏற்றினால் நிற்காது. அதற்கான மென்பொருளில் வோல்டேஜை ஏற்ற இழுக்கும் கோடோ சாம்பல் பூத்துக் கிடக்கிறது, நகரவில்லை.

"முப்பத்துமூணு வருஷம் வோல்டேஜோட குடும்பம் நடத்துனவன். எனக்குப் பாடம் எடுக்க வேணாம். இது ஏன் நகரலன்னு மட்டும் சொல்லுங்க."

அந்த மென்பொருளின் செட்டிங்ஸில் வோல்டேஜ் பூட்டைத் திறக்க ஒரு கட்டம் உண்டு. டிக் போட்டு, மூடித் திறந்தால் கோடு நகரும். பதினைந்து வினாடி வேலை.

"வீட்டுல எர்த் எப்படி சார் இருக்கு?" என்று கேட்டேன். கேள்விதான்.

"அதானே பார்த்தேன். எர்த் சரியில்லன்னு கார்டு சென்ஸ் பண்ணிப் பூட்டிக்கிச்சு" என்று அவரே கண்டுபிடித்தார். பெரியவர் கண்டுபிடித்ததை மறுப்பது மரியாதை அல்ல.

சனிக்கிழமை கோட்டுச்சேரியில் அவர் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் ஆளுயரக் குழி. கரி ஒரு மூட்டை, உப்பு ஒரு மூட்டை. வேலை முடியும்வரை மெயினை அணைத்திருந்தார். மின்சாரம் அவர் இலாகா, வீட்டில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. வேட்டியை மடித்துக் கட்டி வாளியோடு நின்றவரிடம், "ரெண்டு வேளையும் ஊத்துங்க சார்" என்றேன். அந்தக் காட்சி கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

இளவேனில் என்னைத் தனியே கூப்பிட்டாள். "மாமா, மெயினைப் போடச் சொல்லுங்களேன். பழைய வேகத்துலயே ஓடட்டும். ரெண்டு நாள் டைம் கேட்டுக்குறேன்."

"அப்பா இவ்வளவு பாடுபடுறாங்க. அவசரப்படாதம்மா."

பிள்ளைகள் தகப்பனின் உழைப்பை மதிக்க வேண்டும் என்பது என் கொள்கை.

மெயினைப் போடுவதற்குள் திங்கட்கிழமை போயிற்று. போட்ட பிறகும் கோடு நகரவில்லை, வேலையும் போயிற்று. சார் இப்போதெல்லாம் யார் வீட்டு பிளக்கிலும் டெஸ்டர் வைப்பதில்லை. ஊருக்கு என்னால் ஆன சேவை. இளவேனிலுக்கு என் கடையிலேயே வேலை போட்டுக் கொடுத்தேன். மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறதே.

போன மாதம் மண்டபத்தூரிலிருந்து நூகு என்ற வாடிக்கையாளர் ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதே சாம்பல் கோடு. இளவேனில் செட்டிங்ஸைத் துழாவி ஒரு டிக் போட்டாள். மூடித் திறந்தாள். கோடு நகர்ந்தது. அதை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, இரக்கத்தோடு கேட்டாள்: "பாவம் மாமா, உங்களுக்கும் இது தெரியாதுல்ல?"

தலையாட்ட வேண்டியதாயிற்று. நூகு என் போர்டை நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார்.

அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தவன் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஆட்சேபமில்லை. தெரியாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வெள்ளிக்கிழமை காலையே எனக்குத் தெரியும்.