இடது கைக்கு நீலம், வலது கைக்குச் சிவப்பு

ரெண்டு கையிலயும் ஒரே நம்பர் வந்துச்சுன்னா அது மிஷினோட கோளாறு தங்கச்சி, என்னோட கோளாறு இல்ல. காலையில இருந்து விஜி டாக்டர்கிட்ட அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். அந்தப் பொண்ணு கேக்குதா? "ஆவுடையம்மா சேச்சி, இவிடெ இரிக்கூ"ன்னு மலையாளத்துல சொல்லி என்னை இங்க உக்கார வச்சுட்டு, இந்த ஆராய்ச்சியில என்னை வச்சுக்கிறதா அனுப்பிடுறதான்னு பெரிய டாக்டர்கிட்ட கேக்கப் போயிருக்கு. அனுப்பிட்டா களிம்பு கிடையாது. கை ஆறாம மட்டாஞ்சேரிக் கடையில பாத்திரம் கழுவ வரக் கூடாதுன்னு இஸ்மாயில் முதலாளி கண்டிப்பாச் சொல்லிட்டாரு.

நீங்க புதுசுதான? பையை அவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க, உள்ள ரெண்டு ட்யூப்தான இருக்கு, தங்கமா இருக்கு? உங்களுக்கும் சொல்லிருப்பாங்களே... தோலுங்கிறது ஒரு மதிலாம். செல்லெல்லாம் செங்கல்லு, நடுவுல இருக்கிற கொழுப்பு சாந்து. சோப்புத் தண்ணியில கிடந்து கிடந்து நம்ம சாந்து கரைஞ்சிருச்சு. உள்ள இருக்கிற ஈரம் வெளிய கசியுது, வெளிய இருக்கிற காரம் உள்ள ஏறுது. அந்தக் கசிவைத்தான் மிஷின் அளக்குதாம். எங்க வீட்டு மதிலும்தான் மழைக்கு ஒழுகுது, அதுக்கு எவரும் ட்யூப் தரக் காணோம். ஒரு ட்யூப்புல சாந்து இருக்கு, இன்னொண்ணு வெறும் களிம்பு; அதனால ரெண்டு கைக்கும் நம்பர் வேற வேறயா வரணுமாம். எது எதுன்னு டாக்டருக்கே தெரியாதாம். தெரியாம எப்படி டாக்டரானீங்கன்னு கேட்டேன், சிரிக்குது.

நான் பிசகுவேனா? நீல மூடி இடது கைக்கு, சிவப்பு மூடி வலது கைக்கு. அவங்க குடுத்த குச்சியாலதான் தடவுவேன். ஒரு கை இன்னொரு கையைத் தொடாது. நீலக் குச்சி சன்னல்ல, சிவப்புக் குச்சி அலமாரியில. எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் அதை எடுத்துப் பல்லு குத்தப் போனாரு... சரி, அதை விடுங்க. சந்தோஷமா இருக்கீங்களா, பத்துக்கு எத்தனை மார்க்குன்னுகூட ஃபாரத்துல ஒரு கேள்வி. தோலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் பத்து போட்டேன். ஏன் போட மாட்டேன்? சாயங்காலம் குளிச்சு, களிம்பு தடவி, நேரா கோயில் பஜனைக்குத்தான். கை வெடிச்சு ரத்தம் கசிஞ்சப்ப தூணோரமா உக்காந்திருந்தவ, இப்ப முன் வரிசையில இருக்கேன். பக்கத்து வீட்டுக் காளியம்மை பாடுவா, தாளம் என்னுது. என் கைதட்டு கேக்கலைன்னா அவளுக்குப் பாட்டே ஓடாதாம். களிம்பு காயறதுக்குள்ள தட்ட ஆரம்பிச்சேன்னா, ஆரத்தி வரைக்கும் கை ஓயாது...

ஏன் தங்கச்சி சிரிக்கிறீங்க?

என் கையை ஏன் பாக்கிறீங்க?

...

காயறதுக்குள்ள தட்டினா... நீலமும் சிவப்பும்...

சரி. விஜி கூப்பிடுது. உள்ளதை உள்ளபடி சொல்லிடுறேன்; மிஷினை வீணாக் குத்தம் சொல்லக் கூடாது. நம்பரையெல்லாம் அழிக்கணும்னா அழிக்கட்டும், முதல்ல இருந்து தடவச் சொன்னாலும் தடவுறேன், பஜனை முடிஞ்சு வந்து.

அந்தப் பத்தை மட்டும் அழிக்க விட மாட்டேன். அது சரியாப் போட்டது.