பாறைக்குள் அமைதி

இந்த ஃபேன் சத்தத்தில் உங்களுக்கு எப்படித்தான் வேலை ஓடுகிறதோ, இன்ஸ்பெக்டர் சார். நிறுத்த வேண்டாம், புழுங்கும். எனக்குத்தான் சத்தம் ஆகாது.

குளத்தூர்ப் பக்கம் கைவிட்ட கல்குவாரியைக் குடைந்து எங்கள் ஆய்வகத்தைக் கட்டியதே அதற்காகத்தான். கரும்பொருள் என்று ஒன்று அண்டமெங்கும் நிறைந்திருக்கிறது. உங்களையும் என்னையும் ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கிறது. யார் கண்ணிலும் பட்டதில்லை. எங்கள் படிகத்தில் அது ஒரு தடவை மோதினால் திரையில் சின்னதாக ஒரு துடிப்பு எழும். ரோட்டில் லாரி போனாலும், பக்கத்துக் குவாரியில் வெடி வைத்தாலும் எழும், அதுதான் தலைவலி. இத்தனை வருஷமும் நான் பார்த்ததெல்லாம் லாரிதான். சலித்துப்போய்விட்டது சார்.

படிகத்தைக் குளிர்விக்க அடுத்த அறையிலிருந்து நைட்ரஜன் வரும். அது கசிந்தால் அந்த அறையில் மூச்சுவிடக் காற்றிருக்காது. எச்சரிக்க ஒரு அலாரம் உண்டு. அடிக்காதபோதும் அந்த அலாரத்தில் ஓடும் மின்சாரமே திரையில் இரைச்சலாக விழுந்து உயிரை வாங்கியது. வயரைப் பிடுங்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

அன்று காலையில் ஒரு துடிப்பு வந்தது. லாரி இல்லை, வெடி இல்லை. சுத்தமான துடிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொன்று வந்தால் உறுதி.

அந்த நேரம் பார்த்து பிளெஸ்ஸி வந்தாள். மணமேல்குடிப் பெண், என் ஆராய்ச்சி மாணவி.

“சார், நைட்ரஜன் பைப் கசியுது போல. அலாரம் அடிக்கல, பயமில்ல. பாத்துட்டு வந்துர்றேன்.”

“சத்தம் போடாம போயிட்டு வாம்மா,” என்றேன்.

அந்த அறைக் கதவைத் திறக்கும் பொத்தான் என் மேஜையில் மட்டும்தான் இருக்கிறது. திறந்தேன், போனாள், மூடினேன்.

சற்று நேரத்தில் திரையில் துடிப்புகள் எழுந்தன. மூன்று. கொஞ்சம் விட்டு, மறுபடி மூன்று. கரும்பொருள் இப்படி வராது என்பது எனக்குத் தெரியாதா? அவள் கதவைத் தட்டுகிறாள். திறந்தால் ஆள் வரும், ஆம்புலன்ஸ் வரும், எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். அந்த இரண்டாவது துடிப்பு வரட்டும், திறக்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அவளுடையதையெல்லாம் ‘வெளி அதிர்வு’ என்று குறித்து நீக்கிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒன்றே ஒன்று, லேசாக. அதையும் நீக்கினேன். பிறகு திரை அடங்கிவிட்டது. அப்படியோர் அமைதியை நான் அங்கே கண்டதே இல்லை.

நல்ல பெண் சார். அவள் அப்பாவிடம் சொல்லுங்கள், நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவள் தட்டியதை நான் காதால் கேட்கவே இல்லை. திரையில் பார்த்தேன், அவ்வளவுதான்.