கல்லக்காவின் கண்ணாடிக் குழாய்

உங்கள் ஆள் அந்தக் கல்லைப் பச்சை என்று எழுதியிருக்கிறார். அது மஞ்சள். வெயிலில் வைத்துப் பார்த்தால் லேசாகப் பச்சை ஓடும், அவ்வளவுதான். புற ஊதா விளக்கைப் போட்டால்தான் பளீரென்று பச்சையாக ஒளிரும். ஆய்வுக்கூடத்தில் யாரோ விளக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள், இவர் அதுவே அதன் நிறம் என்று நினைத்துக்கொண்டார். நான் குறை சொல்லவில்லை. வருடக்கணக்காக இப்படித் திருத்திக்கொண்டேதான் இருக்கிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அதன் பெயர் அடமைட். துத்தநாகமும் ஆர்சனிக்கும் சேர்ந்த தாது, அபூர்வமாகத்தான் கிடைக்கும். ஆர்சனிக் என்றால் பாஷாணம் என்பார்களே, அந்தச் சரக்குதான். கண்ணாடி போல மின்னும். கையில் எடுத்தால் பார்த்ததைவிடக் கனமாக இருக்கும். ஆனால் கடினமில்லை, கத்தி முனை பட்டால் கீறல் விழும், ஓரங்கள் பொடிப்பொடியாக உதிரும். தொட்டால் பரவாயில்லை, கையைக் கழுவிக்கொண்டால் போதும். வயிற்றுக்குள் போகக் கூடாது. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியக்கூடிய விஷயம் இது.

நான் அருங்காட்சியகத்தில் கனிமப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். அங்கே வருகிறவர்களில் ஒருவராவது ஒரு கல் எப்படி உண்டாகிறது என்று கேட்பார்களா? மாட்டார்கள். "சார், இதத் தலகாணிக்கு அடியில வெச்சா தூக்கம் வருமா?" என்பார்கள். "இது கோபத்தக் குறைக்குமாமே சார்?" என்பார்கள். அந்தக் கல்லோடு நாள் முழுக்க ஒரே அறையில் இருக்கிறேன், என் கோபம் இம்மியும் குறையவில்லை.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் இதே கதை. மாடியில் நான், கீழே என் அக்கா. அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அவள்தான். தையல் மிஷின் மிதித்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். அத்தான் இறந்த பிறகு யாரோ ஒரு பெண்மணி அவள் கையில் ஒரு கல்லைக் கொடுத்து, நெஞ்சில் வைத்தால் துக்கம் கரையும் என்று சொல்லியிருக்கிறாள். கரைந்ததாம். அன்றிலிருந்து மிஷினை மூலையில் தள்ளிவிட்டு, முன்னறையில் ஒரு பாயை விரித்து, வருகிறவர்களைப் படுக்க வைத்து நெஞ்சிலும் வயிற்றிலும் கல் வைக்க ஆரம்பித்தாள். தெருவில் அவளுக்குக் கல்லக்கா என்றே பெயர். மூட்டுவலிக்காரர்கள், மருமகளோடு சண்டை போட்டவர்கள், வேலை கிடைக்காதவர்கள் எல்லோரும் வந்தார்கள். அழுதுகொண்டு வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். காரணம் கல் இல்லை, அவள் பொறுமையாகக் கேட்டாள், அதுதான் காரணம் என்று சொன்னேன். அதற்கும் சிரித்தாள்.

அடமைட் அவளுக்குப் பிடித்த கல். மனசில் சந்தோஷம் ஊறும், வயிற்றில் தைரியம் வரும் என்று ஏதோ புத்தகத்தில் போட்டிருந்ததாம். படுக்கும்போது அதைத் தண்ணீர் ஜாடியில் போட்டுவிட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போவதாகச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கெஞ்சினேன், கத்தினேன், மூன்று நாள் பேசாமல்கூட இருந்தேன். கடைசியில் ஒரு வழி செய்தேன். கல்லை ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் போட்டு, மூடியை மெழுகு வைத்து அடைத்து, அந்தக் குழாயை ஜாடித் தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி நிற்க வைத்தேன். "உனக்கு வேண்டியது கல்லோட ஒளிதானே? அது கண்ணாடி வழியாவும் வரும். தண்ணி மட்டும் கல்லுல படக் கூடாது" என்றேன். ஒளியாவது மண்ணாவது. ஆனால் அவள் உயிர் முக்கியம் என்று நினைத்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்குக் கிடைத்த பலன் என்ன தெரியுமா? வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் குழாயைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்தாள். "என் தம்பி மியூசியத்துல பெரிய ஆள். அவனே செஞ்சு குடுத்தது." என் படிப்பு அவளுடைய பாய்க்கு விளம்பரமாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னறை நிறைய ஆட்கள். நான் செருப்பைக் கழற்றும்போது என் தோளில் கை போட்டு எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "இவனுக்குக் கல்லோட பேரு தெரியும். கல்லோட மனசு எனக்குத்தான் தெரியும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தண்ணீர் குடிக்கப் போவதுபோல் சமையலறைக்குப் போய், அந்த மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, மூடியைப் பேருக்கு மேலே வைத்தேன்.

கோபத்தில் செய்ததல்ல. இரண்டு நாள் வயிறு கெட்டால் புத்தி வரும், என்னைக் கூப்பிட்டுக் கேட்பாள் என்று கணக்குப் போட்டேன். சொல்லிப் புரியாதவர்களுக்குப் பட்டால்தானே புரியும். அந்த ஜாடியை அவளைத் தவிர வேறு யாரும் தொடமாட்டார்கள் என்பதையும் விசாரித்துக்கொண்டேன். அந்த விஷயத்தில் நான் பொறுப்பில்லாதவன் இல்லை.

வயிறு கெட்டது. "உடம்புல இருக்கற கசடெல்லாம் வெளிய போகுதுடா" என்றாள் சந்தோஷமாக. அடுத்து உள்ளங்காலில் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்றாள். அது எதன் அறிகுறி என்று எனக்குத் தெரியும். அவளோ காலைத் தேய்த்தபடி, "கல்லு வேலை செய்யுது பாரு, கால் வரைக்கும் இறங்கிடுச்சு" என்கிறாள். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நான் சொன்னதை நிரூபிக்கிற ஒவ்வொரு அடையாளத்தையும் அவள் தன் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொண்டாள். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இன்னும் பெரிய கல் கிடைக்குமா என்று கேட்டாள். கொண்டுவந்து நானே அந்தக் குழாய்க்குள் போட்டுக் கொடுத்தேன். அருங்காட்சியக இழுப்பறையிலிருந்து, எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் எடுத்தது. அது தவறு, ஒப்புக்கொள்கிறேன். அரிய மாதிரி அது, தயவுசெய்து பஞ்சில் சுற்றித் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு அவள் மெலிந்துபோனாள். கையில் டம்ளர் நிற்கவில்லை. ஒரு காலையில் நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தினமும் அங்கேதான் நிற்பேன். டம்ளரை வாய்வரை கொண்டுபோனவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏண்டா, இந்தத் தண்ணியால ஒண்ணும் ஆயிடாதே?"

இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் கேட்டாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு காதில் கேட்டது. "என்னை எதுக்குக் கேக்கற? நீதான் கல்லோட மனசு தெரிஞ்சவளாச்சே" என்றேன்.

"உன்னக் கேக்காம வேற யாரக் கேப்பேன்?" என்று சிரித்துவிட்டுக் குடித்தாள்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தது அவள் மகள். விஷயம் தெரிந்து ஊரிலிருந்து ஓடிவந்தவள், முதலில் ஜாடியைத்தான் பார்த்திருக்கிறாள். "மாமா, குழாய் மூடியில மெழுகே இல்லையே?" என்று கேட்டாள். பிறகு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

டாக்டர் என் அக்காவிடம் கேட்டபோது நானும் கட்டில் பக்கத்தில்தான் இருந்தேன். கல் போட்ட தண்ணீரைக் குடிக்கலாமா அம்மா, அதில் விஷம் இருப்பது தெரியாதா என்று கேட்டார். குரல் எழும்பவில்லை, ஆனாலும் சொன்னாள்: "தெரியும் டாக்டர். தம்பி அப்பவே சொல்லிட்டான். அவன் சொன்ன நாள்லேந்து ஒருநாளும் கல்ல வெறும் தண்ணியில போட்டதில்ல. அவனே மூடி வெச்சுக் குடுத்தான், அதுக்குள்ளதான் இருக்கு. அதனால இது அந்தக் கல்லால வந்ததா இருக்காது. வேற ஏதாச்சும் பாருங்க." மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள்.

மெழுகை எடுத்தது நான்தான். பெரிய கல்லைக் கொண்டுவந்து வைத்ததும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் டாக்டரிடம் சொன்னதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அப்போதுதான் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். சாகிற வரைக்கும் அவள் என் பேச்சைக் கேட்கவே இல்லை.