ஒருவருக்கு ஒரே துறை என்னும் விதியை எதிர்த்து அய்யாக்கண்ணு பேசியது

கனம் பொருந்திய அக்கிராசனர், சூலியா தெருவில் ஜவுளி விற்றுச் சபைக்குச் சோறு போடும் செம்மல், ஜனாப் சீனி முகம்மது அவர்களே. எதையும் எழுதிவைத்து, எழுதிவைத்ததை எவரையும் மறக்கவிடாத எங்கள் காரியதரிசி திருவாளர் வேலு அவர்களே. முன்வரிசையில் முறுவலோடு வீற்றிருக்கும் பெரியோர்களே. பக்கத்துப் பாய்களில் அமர்ந்து, நான் எப்போது உட்காருவேன் என்று பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே. வெல்டு கீ துறைமுகத்தில் மூட்டை இறக்கிவிட்டுத் தோள்வலியோடு வந்திருக்கும் தோழர்களே. பாகான் டாலாமிலிருந்து படகேறி வந்த பந்துக்களே. கதவருகே நின்று சாப்பாட்டுப் பக்கமே கண் வைத்திருக்கும் கண்மணிகளே. அனைவருக்கும் துறைமுகக் கிடங்கிலே கணக்கெழுதும் கிராணி, இந்த அய்யாக்கண்ணுவின் வணக்கம், ஸலாம்.

நம் கலா விநோத சபையின் ஆண்டு விழாவிலே எனக்குக் கொடுத்த தலைப்பு 'கலையின் மேன்மை'. கலைக்கு மேன்மை உண்டு, ஐயா. அதில் யாருக்குச் சந்தேகம்? சந்தேகமே இல்லாத விஷயத்தைப் பேசி உங்கள் பசியை ஏன் வளர்க்க வேண்டும்? ஆகவே அந்தத் தலைப்பைக் காரியதரிசியிடமே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சென்ற மாதம் நிர்வாகக் கமிட்டி போட்ட விதியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

காரியதரிசி அவர்கள் தண்ணீர் குடிக்கிறார். குடிக்கட்டும். நான் காத்திருக்கிறேன்.

விதி என்ன? ஒருவருக்கு ஒரே துறை. இசை, நாடகம், பேச்சு, படம் பிடித்தல், மாதர் பிரிவிலே தையல், சமையல். இவற்றுள் ஒன்றிலே பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுக்காத துறையிலே கை வைத்தால் சபையைவிட்டு நீக்கம். இன்று நீங்கள் கை தூக்கினால் இந்த விதி நிலைக்கும். நிலைத்தால் ஒருத்தியின் விரல்கள் இனி இந்தச் சபையின் ஆர்மோனியத்தைத் தொட முடியாது. அந்த ஒருத்தி, அதோ மூன்றாம் பாயில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் நவமணி. என் மனைவி.

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். ஆம் அண்ணே, என் மனைவிக்காகத்தான் பேசுகிறேன். வேறு யார் மனைவிக்காகப் பேசச் சொல்கிறீர்கள்?

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். நான் பட்டம் விடுவேன். விட்ட பட்டம் சீனக் கோயில் கூரையில் இன்றும் இருக்கிறது. படம் பிடிப்பேன், அக்கிராசனரை நான் எடுத்த படத்திலே கோட்டு மிக நன்றாக விழுந்தது, தலைதான் விழவில்லை. வெண்பா எழுதுவேன், தளை தட்டும். திரை வரைவேன், நான் வரைந்த யானையைப் பார்த்து எருமை என்று சொன்னவர் ஒருவர் இருவரல்லர். "ஏம்பா, ஒண்ணையாவது உருப்படியாச் செய்யக்கூடாதா?" என்று என்னைக் கேட்காத ஆள் இந்த ஜார்ஜ் டவுனிலே யார் இருக்கிறார்கள்?

செய்கிறேன், ஐயா. பகலெல்லாம் ஒன்றைத்தானே உருப்படியாகச் செய்கிறேன்? காலையில் கிடங்கு திறந்ததிலிருந்து சங்கு ஊதும் வரையில் எவனோ ஏற்றிய மூட்டை, எவனோ இறக்கும் மூட்டை, எவனுக்கோ போகும் மூட்டை. பாக்கு மூட்டையும் அரிசி மூட்டையும் பார்த்துப் பார்த்து என் கண்ணும் மூட்டையாகிவிட்டது. மாலையில்தான் இந்தக் கை என் கை. அந்தக் கை பட்டம் ஒட்டினால் என்ன? பாட்டு எழுதினால் என்ன? பாழாய்ப்போன யானையை வரைந்தால்தான் என்ன? வயிற்றுக்காக ஒரே வேலையைச் செய்யும் மனிதனைப் பார்த்து, மனத்துக்காகவும் ஒரே வேலையைத்தான் செய்ய வேண்டும் என்றால், தோழர்களே, அவன் எப்போதுதான் மூச்சு விடுவான்?

கை தட்டுகிறீர்கள். நன்றி. இப்போது பாகான் டாலாமிலே நடந்ததைக் கேளுங்கள்.

கோயில் திருவிழாவிலே நம் சபையின் நாடகம். ராணி வேஷம் எனக்கு. சிரிக்க வேண்டாம், மீசையை எடுத்துவிட்டால் நான் லட்சணமாகத்தான் இருப்பேன். ஆர்மோனியம் நம் அப்துல் ரஹீம். அவருக்குப் படம் பிடிப்பதிலும் மோகம். ராஜா வேஷம் கட்டியவரைக் கடற்கரையிலே நிறுத்தி, சாயும் வெயிலிலே படமெடுக்கப் போனார். "கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம்" என்று ராஜாவை மணலிலே நடக்கவிட்டுக்கொண்டிருந்தார். இங்கே கூட்டம் சீட்டி அடிக்கிறது. ராஜாவையும் காணோம், ஆர்மோனியக்காரரையும் காணோம். ராணி மட்டும் இருக்கிறாள். அவளுக்கும் ரவிக்கை கிழிந்துவிட்டது.

கிழிந்த ரவிக்கையைத் திரைக்குப் பின்னால் தைத்துக்கொண்டிருந்தவள் நவமணி. சீட்டிச் சத்தம் ஏறியது. அவள் நூலைப் பல்லால் கடித்தாள். ஊசியை முந்தானையிலே குத்திக்கொண்டாள். திரைக்குப் பின்னாலேயே கிடந்த ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தாள். வாசித்தாள்.

நான் வீட்டிலே அவள் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் வாசிப்பாள். அன்று திறந்தவெளி. சீட்டி நின்றது. கூட்டம் அடங்கியது. ராணியாகிய நான் மேடையேறி, வாழ்க்கையிலே முதல் முறையாகச் சுருதி பிசகாமல் பாடினேன். ரஹீம் அண்ணன் ராஜாவை இழுத்துக்கொண்டு ஓடி வந்தவர், திரையருகே வந்து கேட்டவர், "அவங்களே வாசிக்கட்டும்" என்று கீழேயே உட்கார்ந்துவிட்டார். அது அவருடைய பெருந்தன்மை. அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

இனிதான் வேடிக்கை. நம் நாடகங்களிலே மங்களம் பாடுமுன் ஆர்மோனியக்காரருக்கு மாலை போடுவது வழக்கம் அல்லவா? மேடையிலே ஆளைக் காணாததால், காரியதரிசி அவர்கள் ரோஜா மாலையும் கையுமாகத் திரைக்குப் பின்னால் வந்தார். பார்த்தால் பெண்பிள்ளை. அடுத்தவன் மனைவி கழுத்திலே மாலை போட முடியுமா? அந்த அடுத்தவனோ பக்கத்திலேயே, சேலை கட்டி, பொட்டு வைத்து, இடுப்பில் கை கொடுத்து நிற்கிறான். காரியதரிசி அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். கடைசியில் அந்த மாலையை ஆர்மோனியப் பெட்டிக்குப் போட்டுவிட்டு வெளியே போனார்.

சிரியுங்கள், சிரியுங்கள். நானும் சிரித்தேன். படகிலே திரும்பும்போதும் சிரித்தேன். வீடு வந்ததும் நவமணி சொன்னாள்: "வாசிச்சது நான். மாலை பெட்டிக்கு. இனிமே திரைக்குப் பின்னால உட்கார மாட்டேன். முன்னால இடம் இருந்தா சொல்லுங்க, வர்றேன்."

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை, தாய்மார்களே. வெட்கமாகத்தான் இருந்தது.

இசைத் துறையிலே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் மனுக் கொடுத்தாள். கமிட்டி கூடியது. பெண்பிள்ளை வேண்டாம் என்று நேராகச் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. நேராகச் சொல்ல வெட்கப்பட்டவர்கள் விதியாகச் சொன்னார்கள். ஒருவருக்கு ஒரே துறை. நவமணி அம்மாள்தான் ஏற்கெனவே தையலிலே இருக்கிறாரே. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். ஒரு பெண்ணை அடைக்க வீசிய வலையிலே சபை முழுவதும் விழுந்தது. ரஹீம் அண்ணன் ஒன்றைத் தேர்ந்தெடு என்றதும் படப்பெட்டியைத் தேர்ந்தெடுத்தார். ஆகவே இன்று ஆர்மோனியம் வாசிக்க ஆளில்லை. கடவுள் வாழ்த்தைக் கேட்டீர்கள் அல்லவா? பாடியவர்களிலே ஒருவர் காசியில் இருந்தார், ஒருவர் ராமேஸ்வரத்தில் இருந்தார். நானோ பேச்சுத் துறையிலே பெயர் கொடுத்தேன். அதன் பலனைத்தான் இப்போது நீங்கள் அனுபவிக்கிறீர்கள்.

அது கிடக்கட்டும். சபையோரே, கொஞ்சம் மூச்சை இழுத்துப் பாருங்கள். நன்றாக இழுங்கள். என்ன வாசனை? அக்கா சொல்கிறார், நெய்ச்சோறு. தம்பி சொல்கிறான், தால்ச்சா. சரியான பதில். இதைச் சமைத்தவர் யார்? சூலியா தெருவிலேயே இந்தக் கைமணம் யாருக்கு உண்டு? விடியற்காலையிலே இந்த மண்டபத்தின் கொல்லையிலே சட்டையைக் கழற்றிவிட்டு, அண்டாவுக்கு எதிரே நின்று, ஏலக்காயை எவர் கையிலும் கொடுக்காமல் தம் கையாலேயே போட்டவர் யார்? நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த மகானுபாவர் இதே மேடையில் நடு நாற்காலியில் வீற்றிருக்கிறார்.

அக்கிராசனர் அவர்களே, தாங்கள் பெயர் கொடுத்திருப்பது பேச்சுத் துறையில். சமையல் மாதர் பிரிவைச் சேர்ந்தது. தாங்கள் விதியை மீறியது மட்டுமா? மாதர் பிரிவுக்குள்ளேயே புகுந்துவிட்டீர்கள். விதி நின்றால் தங்களை நீக்க வேண்டும். நீக்கியவர் சமைத்த சோற்றைச் சபை உண்பது முறையா? முறையல்ல. ஆகவே அந்த அண்டாக்களை மூடி, கடலிலே கொண்டுபோய்க் கவிழ்க்க வேண்டும் என்று, விதியின்மேல் உள்ள மரியாதையால், கண்ணீரோடு பிரேரேபிக்கிறேன்.

அமைதி, அமைதி. கதவருகே நிற்கும் தம்பிமார்களே, மேடைக்கு வர வேண்டாம். நான் இன்னும் முடிக்கவில்லை.

ஜனாப் அவர்களே, விளையாட்டை விட்டுக் கேட்கிறேன். தாங்கள் ஜவுளி அளந்த கையோடு ஏன் அகப்பை பிடித்தீர்கள்? யார் சம்பளம் கொடுத்தார்கள்? யார் கட்டாயப்படுத்தினார்கள்? அண்டாவைத் திறந்ததும் எழுந்த ஆவியிலே தங்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அந்த மலர்ச்சி கடையிலே எனக்குத் தெரிந்ததில்லை. ஆர்மோனியத்தின் முன் உட்காரும்போது என் வீட்டுக்காரியின் முகத்திலே பார்த்தது அதே மலர்ச்சி. தங்களுக்குக் கிடைத்ததை அவளுக்கு ஏன் மறுக்க வேண்டும்?

அக்கிராசனர் எழுகிறார். ஏதோ சொல்கிறார். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, அப்படியே சொல்கிறேன்: "அய்யாக்கண்ணு தம்பி, சோத்துல மட்டும் கை வைக்காதீங்க லா. நான் பண்ணது தப்புன்னா அது எனக்குப் பிடிச்ச தப்பு. அந்தப் புள்ளைக்கும் பிடிச்சதைச் செய்யட்டும். விதிய எடுத்துருவோம்."

பெரிய மனிதர், பெரிய மனிதர். ஆனால் இது தயவாக வந்தால் போதாது; தீர்மானமாக வர வேண்டும். விதி வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள். வெல்டு கீ முழுவதும் தூக்கிவிட்டது. பாகான் டாலாம் இரண்டு கையையும் தூக்குகிறது. ஒன்று போதும், பந்துக்களே. தாய்மார்களே, தயங்க வேண்டாம், உங்களுக்கும் கை உண்டு. ஆஹா. காரியதரிசி அவர்களின் கையும் எழுகிறது. பாதிதான் எழுகிறது. பரவாயில்லை, பாதியையும் எண்ணிக்கொள்கிறேன்.

ரஹீம் அண்ணே, ஆர்மோனியத்தை ஒரு பக்கம் பிடியுங்கள். ஓரத்தில் வேண்டாம், மேடையின் நடுவில் வைப்போம். நவமணி, மங்களம் வாசிக்க ஆளில்லை. எழுந்து வா.

அவள் ஒன்று கேட்கிறாள். முன்னாலதானே என்று கேட்கிறாள். முன்னால்தான். இத்தனை பேர் பார்க்க, முன்னால்தான்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், கை தூக்கிய தாய்மார்க்கும், கோபப்படாத காரியதரிசிக்கும், அண்டாவைக் காப்பாற்றிக்கொண்ட அக்கிராசனருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கேட்பதும் ஒரு துறைதான் என்றால், இன்று அதிலும் என் பெயரைக் கொடுத்துவிட்டுக் கீழே போய் உட்காருகிறேன். வணக்கம், ஸலாம். அவள் வாசிக்கட்டும்.