அடையாளப் பனை

எனக்கு ரயிலில் போவது ஒத்துக்கொள்ளாது, இன்ஸ்பெக்டர் ஐயா. மண்டபத்தில் ஏறினால் ராமநாதபுரம் போய்ச் சேர்வதற்குள் வயிற்றைப் புரட்டிவிடும். கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் வண்டி ஏறமாட்டேன். அப்படிப்பட்டவனைத்தான் சங்குத்துறைக்காரர்கள் ரயில் கமிட்டிக்குச் செயலாளராக வைத்தார்கள். நீங்கள் அந்தப் பனைமரத்தைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. மறைக்கப் போவதில்லை. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் நான் செய்ததில் உள்ள நியாயம் உங்களுக்கு விளங்கும்.

எங்கள் ஊருக்கு வழி இரண்டுதான். ஒன்று திருப்புல்லாணி வழியாக ராமநாதபுரம் போகும் வண்டிப்பாதை. மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் மணல். இன்னொன்று கடல். படகோட்டி சதக் தண்டலின் பாய்மர வத்தையில் ஏறினால் பாம்பனில் இறக்கிவிடுவான். என் மனைவி உம்மு ஹபீபாவுக்குப் பிரசவவலி கண்ட அன்று கடல் சரியில்லை, மாட்டுவண்டியில் ஏற்றினோம். பாதி வழியில் சக்கரம் மணலில் புதைந்தது. தண்ணீர் கேட்டாள். பக்கத்துத் தோப்பில் வாங்கிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது பிள்ளை இருந்தது, அவள் இல்லை. மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டிக்காரன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அந்த முதுகு இன்றைக்கும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பிள்ளையை என் தங்கை நூர் நிஷா வளர்த்தாள். அவள் மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கடை. வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. அதனால் என் மகளுக்கு அவள்தான் உம்மா. எனக்கோ அன்றிலிருந்து ஒரே நினைப்பு. ராமநாதபுரத்திலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு சின்ன ரயில். பெரிய வண்டி வேண்டாம், குறுகலான தண்டவாளத்தில் நாலு பெட்டி ஓடினால் போதும்.

அதற்கு நான் அலையாத ஆபீஸ் இல்லை. பாதிப் பணத்தைச் சர்க்கார் போடும், ஒரு பங்கை ஜில்லா போர்டு ரயில் வரியிலிருந்து கொடுக்கும், மிச்சத்துக்கு ஊரே ஈடு கட்டவேண்டும் என்றார்கள். கட்டினோம். சங்கு வியாபாரிகள் கொடுத்தார்கள், வலைக்காரர்கள் கொடுத்தார்கள். நூர் நிஷா கையில் கிடந்த வளையலைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு, "மொத ரயில்ல ஜன்னலோரம் எனக்குத்தான் காக்கா" என்றாள். சதக்கும் கொடுத்தான். "ரயில் வந்துட்டா உன் பொழப்பு என்னலே ஆகும்?" என்று கேட்டேன். "எனக்குக் கடல்ல மீன் இல்லாமயா போச்சு? எம் பிள்ளைகளாச்சும் நனையாம ஊரு போய்ச் சேரட்டும் காக்கா" என்று சிரித்தான்.

இத்தனைக்குப் பிறகும் எங்கள் திட்டம் சென்னையிலிருந்து இரண்டு தடவை திரும்பி வந்தது. பெரிய இன்ஜினீயர் நல்ல மனிதர். ராமநாதபுரம் பங்களாவில் வைத்து என்னிடம் மனம்விட்டுப் பேசினார். "கடலாடிக்காரர்களும் பாதை கேட்கிறார்கள். இருப்பதோ ஒரு பாதைக்கான பணம். அங்கே வெள்ளத்தில் வண்டியோடு ஆள் போயிருக்கிறது, அவசியம் கண்ணுக்குத் தெரிகிறது. உங்கள் ஊருக்குத்தான் கடல்வழி இருக்கிறதே, இத்தனை வருஷத்தில் ஒரு விபத்துகூட இல்லையே என்று மேலே கேட்கிறார்கள். நான் என்ன பதில் எழுத?" ஐப்பசியில் நேரில் வந்து பார்ப்பதாகவும், அதன் பிறகு முடிவு செய்வதாகவும் சொன்னார்.

அவர் யோசனை எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தவன் நான்தான். எங்கள் ஊரில் விபத்து நடக்காததற்குக் காரணம் கடல் நல்ல கடல் என்பதல்ல. சதக் நல்ல தண்டல், அவ்வளவுதான். அவன் திறமைதான் எங்கள் ஊருக்கு ரயில் வரவிடாமல் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

கரைக்கு முன்னால் தண்ணீருக்கடியில் பவளப்பார் சுவர் வைத்த மாதிரி நீண்டு கிடக்கிறது. அதில் ஒரே ஒரு வாய், ஒரு வத்தை நுழையும் அகலம். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மணல்மேட்டில் நின்ற ஒற்றைப் பனையும் அதற்குப் பின்னால் பள்ளிவாசல் மினாராவும் ஒன்றன் மேல் ஒன்றாக வரும்படி வத்தையைப் பிடித்தால் நேரே வாய்க்குள் போய்விடலாம். சதக்கின் வாப்பா காலத்திலிருந்து அதுதான் குறி. அந்தப் பனையில் எவரும் பதநீர்கூட இறக்கமாட்டார்கள்.

சர்வேக்காரர்கள் வந்து ரயில் பாதைக்கு முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தார்கள். பனை அவர்கள் கோட்டில் இல்லை, சற்றுத் தள்ளி நின்றது. ஆமாம் ஐயா, அந்த முளைகளைப் பிடுங்கிப் பனையடியில் நட்டது நான். கோட்டில் வருகிற மரத்தை வெட்டிக்கொள்ளக் கமிட்டிக்கு அதிகாரம் இருந்தது. இன்ஜினீயர் வருகிற அன்று, வத்தை பாம்பனுக்குப் போன பிறகு, மரம் வெட்டுகிற வேல்சாமியைக் கோடரியோடு கூட்டிப் போனேன். அவன் மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

"மொதலாளி, இங்கன மரம் இருக்காதுன்னு சதக் தண்டலுக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லாம இருப்பேனாலே? வெட்டு."

அவன் உங்களிடம் சொன்னது நிஜம். அவன்மேல் தப்பில்லை.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஓரிரண்டு பேர் போனால் சென்னையில் அது செய்தியே இல்லை. அதனால் முந்தின நாளே சதக்கிடம், "பெரிய அதிகாரி வாராரு, கூட்டத்தப் பாத்தாத்தான் ரயில் தருவாரு. பாம்பன்ல நிக்கிற நம்மூரு ஆளுக எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு வா" என்றேன். "ஒரு ஆள விடமாட்டேன் காக்கா, கூலியும் வாங்கமாட்டேன்" என்றான். சொன்னபடியே செய்தான்.

நூர் நிஷா அதில் வருவாள் என்று எனக்குத் தெரியாது. மாமி வீட்டுக் கல்யாணத்துக்குப் பாம்பன் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை கழித்து வந்தால் போதும் என்று நானே சொல்லி அனுப்பியிருந்தேன். சதக் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டானாம். காக்காவின் ரயிலுக்குக் கூட்டம் சேர்க்கிறார்கள் என்று கேட்டதும் முதல் ஆளாக ஏறினாளாம். இதைக் கேட்டபோது நெஞ்சு வெந்துபோனது. நான் கல் இல்லை ஐயா.

மற்றது உங்களுக்குத் தெரிந்ததுதான். வத்தை பாரில் மோதிப் பிளந்தது. கரை ஒதுங்கியவர்களை எங்கள் மையவாடியிலும் இந்துக்கள் சுடுகாட்டிலும் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அந்த மாதமே பாதைக்கு உத்தரவு வந்தது, கடலாடியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றினான் என்று சதக்கை ராமநாதபுரத்தில் அடைத்து வைத்திருக்கிறீர்கள். நான் ஏற்றச் சொன்னதை அவன் உங்களிடம் சொல்லவில்லை, கவனித்தீர்களா? ரயில் நின்றுபோய்விடும் என்று பயந்திருப்பான். என் மகள் இப்போதெல்லாம் பேசுவதில்லை. ஸ்டேஷன் கட்டுகிற இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். சின்னப் பெண்தானே, வண்டி ஓட ஆரம்பித்தால் சரியாகிவிடுவாள். இனி எங்கள் ஊரில் ஒரு பெண்ணும் மணலில் கிடந்து சாகமாட்டாள். இதை நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று மிச்சம் இருக்கிறது. மரத்தோடு என் வேலை முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நானும் இன்ஜினீயரும் கரையில் நின்றோம். கொண்டல் காற்று பின்னால் தள்ள, வத்தை பாய் விரித்து வந்துகொண்டிருந்தது. மினாரா அங்கேயே இருந்தது, பனை இல்லை. சதக் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கரை முழுக்கத் தேடினான். பாயைச் சுருக்கச் சொல்லிக் கத்தினான். அதற்கு அவனுக்கு நேரமும் இருந்தது. முன்பக்கம் மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை. மதுரையில் நான் வாங்கிக்கொடுத்தது. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"அந்தப் படகா?" என்று இன்ஜினீயர் கேட்டார்.

"அதேதான் சார். எங்க ஜனங்க இப்படித்தான் வந்து போறாங்க" என்று சொல்லி, காட்டுவதற்காகக் கையை உயர்த்தினேன்.

சதக் அந்தக் கையைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்தவன். பனை இருந்த இடத்தில் நின்று நான் கைகாட்டுகிறேன் என்று நினைத்து, பாயை விரித்து, என் நேருக்கு வத்தையைத் திருப்பினான். பாரின் வாய் எனக்கு இடதுபக்கம் வெகுதூரம் தள்ளி இருந்தது. கையை இறக்கியிருந்தால் அவன் தயங்கியிருப்பான். ஆனால் இன்ஜினீயர் அப்போதுதான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. அவர் பார்த்து முடிக்கிறவரை நான் கையை இறக்கவில்லை.