இடது பின்கதவு ஸ்பீக்கர்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவைச் சாத்தியாயிற்றா? சரி.

இரவு பதினொன்றரை. மடுகரையிலிருந்து பாகூர் போகும் சாலை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. காரில் இரண்டே பேர். ஒருவர் நம் தெரு இருசப்பனின் மச்சான் அருள்முருகன். வில்லியனூரில் காருக்கு ஸ்டீரியோ மாட்டுகிற கடை வைத்திருக்கிறவர். ஓட்டியவன் நவீன்குமார், மடுகரையில் கரும்பு நிலமுள்ள வீட்டுப் பிள்ளை.

அவன் வண்டியில் ஒரு கோளாறு. அந்தச் சாலையில், ராத்திரியில், ஓரிடத்தில் மட்டும் பாட்டு நின்றுவிடும். ஸ்டீரியோவின் திரை இருண்டுவிடும். இடது பின்கதவு ஸ்பீக்கரில் மட்டும்... டொக். டொக். டொக். ஸ்டீரியோ செட்டை மாற்றியாயிற்று, ஸ்பீக்கரையும் மாற்றியாயிற்று. நவீன்குமார் தூங்கி ஒரு மாதம் ஆகிறது.

“எங்கியோ வயர் உரசுதுபா. பேய்க்கு இன்னாத்துக்கு ஸ்பீக்கரு?” என்று சிரித்தார் அருள்முருகன்.

செட்டையே கழற்றிக் கடையில் வைத்துவிட்டு வந்திருந்தார். ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் இழுத்து, மடியிலிருந்த, மின்சாரம் அளக்கிற மீட்டரில் மாட்டியிருந்தார். பேசுகிற ஸ்பீக்கர் கேட்கவும் செய்யும். அதன் அருகே தட்டினால் உள்ளே காகிதம் அதிரும், வயரில் துளி மின்சாரம் வரும், மீட்டரில் எண் ஏறும்.

“இங்கதாண்ணே,” என்று நிறுத்தினான் நவீன்குமார். இன்ஜினையும் அணைத்தான்.

காதுக்கு ஒரு சத்தமும் இல்லை. மீட்டரில் பூஜ்யம்... ஒன்பது. பூஜ்யம்... ஒன்பது. பூஜ்யம்... ஒன்பது.

யாரோ வெளியே நின்று கதவைத் தட்டுகிறார்கள்.

அருள்முருகனுக்குச் சிரிப்பு போய்விட்டது. “நவீனு... இங்க யாரையாச்சும் வுட்டுட்டுப் போனியா?”

நவீன்குமார் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னான்.

“கார்த்திகை மழையிலண்ணே. விருத்தாம்பா... எங்க கொல்லையில கரும்பு வெட்டுறவ. கைப்புள்ளைக்கு மூச்சு வாங்குது, ஆஸ்பத்திரில வுட்டுடுபான்னு கதவத் தட்டுனா. ஒடம்பெல்லாம் சேறு. சீட்டு புதுசு... பாட்ட சத்தமா வச்சிகினு போய்ட்டேன்.”

“புள்ள?”

“அன்னிக்கே. அவளும் ரொம்ப நாள் இல்ல.”

அருள்முருகன் அவனைத் திட்டவில்லை. முருகனை நினைத்துக்கொண்டு இறங்கினார். பின்சீட்டில் கிடந்த ஸ்பேனர் பையை நகர்த்தினார். தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்தார். கதவைத் திறந்து பிடித்தபடி, இருட்டைப் பார்த்து, “ஏறும்மா. சேறு பட்டா பரவால்ல,” என்றார்.

வண்டி அந்தப் பக்கம் லேசாக அமிழ்ந்தது. ஈரச் சேற்று வாடை. கூடவே, சளிக்குக் குழந்தையின் மாரில் தடவுகிற தைலத்தின் வாசனை.

கதவைச் சாத்திவிட்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்து, மீட்டரை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். தட்டல் நின்றிருந்தது. ஆனால் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கவில்லை. இரண்டு... மூன்று... இரண்டு... மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. ஸ்பீக்கருக்கு அருகில் ஒரு சின்ன மூச்சு.

“உசுரு இருக்குதுபா. ஓட்டு.”

நவீன்குமார் அழுதுகொண்டே ஓட்டினான். பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு இன்னும் வெகுதூரம். பள்ளத்தில் இறங்கினால் எண் தாறுமாறாக ஓடும். நல்ல தார் வந்ததும் அந்த மூச்சு மறுபடி தெரியும். இரண்டு... ஒன்று... இரண்டு...

பாகூர் ஏரிக்கரையில் நல்ல தார்தான். அங்கே எண் ஏறவில்லை.

“இருக்குதாண்ணே?”

“ஓட்டு,” என்றார் அருள்முருகன். மீட்டரைக் கையால் மறைத்துக்கொண்டார். பின்னால் யாரோ முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுவதுபோல் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வயதான ஊழியர் ஒருவர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவராகவே பின்கதவைத் திறந்து, குனிந்து, இரண்டு கைகளையும் நீட்டி எதையோ வாங்கிக் கிடத்தினார். வெள்ளைத் துணியை இழுத்து முழுவதுமாக மூடினார்.

“கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கக் கூடாதாப்பா,” என்றார்.

தள்ளிக்கொண்டு போனபோது, துணி நடுவில் ஒரு முழ நீளத்துக்கு மேடாக இருந்தது.